கயாக்கில் ராடு ஹோல்டர்: ஓட்டை போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மீன்பிடி கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) வாங்கியவர்கள் முதல் வாரமே என்னிடம் கேட்பது இரண்டு விஷயம். தூண்டில் கம்பைச் செருகி நிறுத்தும் ராடு ஹோல்டரில் எது நல்லது? எங்கே ஓட்டை போடலாம்? நான் வைத்திருப்பது பத்தடி நீள பிளாஸ்டிக் கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. சென்னையை அடுத்த கோவளம் பக்கம் கழிமுகத்திலும், கடல் அடங்கிக் கிடக்கும் காலைகளில் அலைக்கு அப்பாலும் அதில் போவேன். வாங்கிய அன்று மாலையே டிரில்லிங் மெஷினை எடுத்து இரண்டு ஓட்டை போட்டவன் நான். அந்த இரண்டுமே தப்பான இடம். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த இரண்டு ஓட்டைகள் கற்றுக்கொடுத்தவை.

கம்பை மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? ஹோல்டர் அவசியமா?

ஒரே கம்பு, ஒரே இடத்தில் நின்று வீசுவது என்றால் போதும். ஆனால் கயாக்கில் துடுப்பு போட இரண்டு கையும் வேண்டும். முள்ளைக் கழற்ற, இரை மாற்ற, ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட இரண்டு கை வேண்டும். அந்த நேரத்தில் தொடையிடுக்கில் இருக்கும் கம்பை ஒரு பாறை மீன் இழுத்தால் அது போயே போச்சு. ட்ரோலிங், அதாவது துடுப்பு போட்டபடியே இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது, ஹோல்டர் இல்லாமல் நடக்காத காரியம்.

என்னென்ன வகை இருக்கின்றன?

முதல் வகை ஃப்ளஷ் மவுண்ட். தளத்தில் பெரிய ஓட்டை போட்டு, குழாயை உள்ளே இறக்கி, விளிம்பை மட்டும் மேலே பொருத்துவது. பல கயாக்குகளில் இருக்கைக்குப் பின்னால் கம்பெனியிலேயே இரண்டு வைத்து அனுப்புவார்கள். வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது, உடையாது. ஆனால் கோணத்தை மாற்ற முடியாது.

இரண்டாவது, தளத்தின் மேல் ஒரு அடித்தட்டைப் பொருத்தி, அதில் கழற்றி மாட்டும் ஹோல்டர். கனடாவின் ஸ்காட்டி, நியூசிலாந்தின் ரெயில்பிளேசா, அமெரிக்காவின் ராம் மவுண்ட்ஸ் எல்லாம் இந்த ரகம். ஒருவர் அடித்தட்டில் அடுத்தவர் ஹோல்டர் நேரடியாக உட்காராது, இடையில் அடாப்டர் தேவைப்படும். அதனால் முதல் அடித்தட்டை வாங்கும்போதே நீங்கள் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாங்கப்போகும் கேமரா தண்டு, ஃபிஷ் ஃபைண்டர் (மீன் இருக்குமிடம் காட்டும் கருவி) தட்டு எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் வரும்.

மூன்றாவது டிராக். ஓரத்தில் ஒரு அலுமினியத் தண்டவாளம். அதில் ஹோல்டரை முன்னும் பின்னும் தள்ளி, வேண்டிய இடத்தில் திருகி நிறுத்தலாம். நான்காவது, பிளாஸ்டிக் கூடையில் பி.வி.சி. குழாய்களைக் கட்டி இருக்கைக்குப் பின்னால் வைப்பது. செலவு குறைவு, ஓட்டையே இல்லை. முதல் ஹோல்டர் எதுவென்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

எத்தனை ஹோல்டர் போதும்?

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன்னால் இருப்பது வேலை செய்யும் ஹோல்டர், பின்னால் இருப்பவை காத்திருக்கும் கம்புகளுக்கு. ஆறு கம்போடு இறங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீன் பிடித்ததைவிட தூண்டில் நரம்பில் சிக்கு எடுத்த நேரம்தான் அதிகம்.

எந்தக் கம்புக்கும் எந்த ஹோல்டரும் பொருந்துமா?

பொருந்தாது. கடைக்குப் போகும்போது கம்பையும், நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்பின்னிங் ரீல் கம்புக்குக் கீழே தொங்கும், பெய்ட்காஸ்டர் ரீல் மேலே உட்காரும். ஸ்பின்னிங் ரீலின் கால், அதாவது ரீலைக் கம்போடு சேர்க்கும் தண்டு, இறங்க ஹோல்டரின் வாயில் ஒரு பிளவு வேண்டும். அது இல்லாத குழாயில் கம்பு பாதி இறங்கி அந்தரத்தில் நிற்கும், ஆடும்.

அடுத்து, ரீலுக்குக் கீழே உள்ள கைப்பிடியின் நீளத்தைப் பாருங்கள். ஏரியில் விரால் பிடிக்கும் குட்டைக் கம்புக்கு அது ஒரு சாண்கூட இருக்காது, ஆழமான ஃப்ளஷ் குழாயில் நிலைகொள்ளாது. கரையிலிருந்து வீசும் நீளக் கம்புக்கோ முழங்கை தாண்டும். அதைக் குட்டையான ஹோல்டரில் வைத்தால் அடிப்பகுதி பின்னால் நீட்டிக்கொண்டு உங்கள் முட்டியில் இடிக்கும்.

சரி, எங்கே பொருத்துவது?

இதுதான் உண்மையான கேள்வி. எந்த ஹோல்டர் என்பதில் தப்பு செய்தால் காசு போகும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். எங்கே என்பதில் தப்பு செய்தால் கயாக்கில் ஓட்டை நிற்கும்.

என் கதை இது. கயாக்கை மாடியில் போட்டு, இருக்கையில் உட்காராமல், பக்கத்தில் நின்றபடியே பார்த்து, "இங்கே வைத்தால் அழகாக இருக்கும்" என்று முழங்காலுக்கு நேரே இரண்டு பக்கமும் குறித்து ஓட்டை போட்டேன். மறுநாள் தண்ணீரில் இறங்கி மூன்றாவது துடுப்பு போடும்போதே கட்டை விரல் ஹோல்டரில் மோதியது. கரைக்கு வரும்போது இரண்டு கட்டை விரலிலும் தோல் இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒரு மாதம் எதையும் பொருத்தாமல் ஓட்டுங்கள். கூடையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கை தானாக எங்கே போகிறது, துடுப்பை எங்கே வைக்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பி மீனை ஏற்றுகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

அப்புறம் கயாக்கைத் தரையில் வைத்து, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இருக்கையில் உட்காருங்கள். ஜாக்கெட் இல்லாமல் பார்த்தால் கணக்கு மாறிவிடும், அதன் தடிமன் கையை வெளியே தள்ளும். துடுப்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை போடுங்கள், களைத்துப்போனவன் போடுவது மாதிரி, தாழ்வாகவும் சோம்பலாகவும். காலை ஆறு மணிக்கு எல்லோரும் அழகாகத்தான் துடுப்பு போடுவார்கள். ஹோல்டர் இடிப்பது பதினொரு மணிக்கு, எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது. விரல் போகும் பாதை முழுவதையும் பக்கத்தில் ஒருவரை வைத்து சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குள் எதுவும் வரக்கூடாது.

மிஞ்சும் இடம் இரண்டுதான். ஒன்று பாதத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே, முன்னால் சாய்ந்து கை நீட்டினால் எட்டும் தூரம். மற்றது இடுப்புக்குப் பின்னால். முன்னால் வைக்கும்போது முதுகு இருக்கையை விட்டுக் கொஞ்சம்தான் எழ வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், மீன் இழுக்கும் நேரத்தில் கவிழ்வதற்கு அதுவே போதும். பின்னால் வைப்பதை, உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் கொண்டுபோய்த் தொட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆர்க்டிக் பகுதியில் கயாக்கில் வேட்டைக்குப் போன இனுயிட் மக்கள், ஈட்டியையும் கயிற்றுச் சுருள் வைக்கும் தட்டையும் தங்களுக்கு நேர் முன்னால், கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்தார்கள். ஈட்டி பட்ட கடல்நாய் (சீல்) இழுத்ததும் கடலில் வீச வேண்டிய மிதவை மட்டும் முதுகுக்குப் பின்னால். உடனே வேண்டியது முன்னே, காத்திருக்கக் கூடியது பின்னே. நாம் இன்று சாக்பீஸை வைத்துக்கொண்டு செய்வதும் அதே கணக்குதான்.

இன்னும் சில விஷயங்களையும் பாருங்கள். ரீலின் கைப்பிடி முழுச்சுற்று சுற்ற இடம் இருக்கிறதா? கயாக்கின் உள்ளே கைவிடுவதற்கான முன்பக்க மூடியைத் திறந்தால் ஹோல்டரில் இடிக்கிறதா? மீன் ஏற்றும் பக்கம் காலியாக இருக்கிறதா? காரின் மேல் கவிழ்த்து ஏற்றும்போது அடித்தட்டு கம்பியில் உட்காருமா? கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. பிறகு வண்டியேற்றும்போது ஒவ்வொரு முறையும் யோசிப்பார்கள்.

ஓட்டை போட்டால் கயாக் மூழ்கிவிடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில், தேங்கும் தண்ணீர் வடிய மேலிருந்து கீழே போகும் ஸ்கப்பர் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தளத்தில் போடும் சின்ன ஓட்டையை ஒழுங்காக மூடினால் பயமில்லை. பயப்பட வேண்டியது மூடாத ஓட்டைக்கு. கயாக்கின் வயிற்றுக்குள் இருபது லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் அது இருபது கிலோ. அது ஒரு பக்கமாகச் சும்மா கிடக்காது. நீங்கள் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடிவந்து சாய்க்கும். அதனால் புதிதாக எதைப் பொருத்தினாலும் முதல் நாள் கரையோரமே அரை மணி நேரம் ஓட்டி, வெளியே இழுத்து, வடிகால் திருகைத் திறந்து எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்க்ரூ, ரிவெட், போல்ட்: எதைப் போடுவது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுவோம். கம்பு ஏழடி. ஹோல்டரிலிருந்து நுனிவரை சுமார் 1.8 மீட்டர். மீன் 3 கிலோ விசையில் குறுக்கே இழுக்கிறது என்று வையுங்கள். அடித்தட்டின் இரண்டு வரிசைத் துளைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர்தான். கடப்பாரையை வைத்துக் கல்லை நெம்புகிற அதே தத்துவம். 1.8-ஐ 3-ஆல் பெருக்கி 0.05-ஆல் வகுத்தால் 108 கிலோ. கம்பு வளைந்து நீளம் பாதியானாலும் 54 கிலோ. 3 கிலோ இழுப்பு, திருகின் கழுத்தில் போய் ஒரு ஆளின் எடையாகிவிடுகிறது. அதைத் தாங்க வேண்டியது 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்.

இதனால்தான் மரத்தில் ஏற்றுவது மாதிரி ஸ்க்ரூவை நேராக ஏற்றக்கூடாது. கயாக்கின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன், மெழுகு மாதிரி. புரி பிடித்த மாதிரி இருக்கும், நாலு முறை ஆடினால் விட்டுவிடும். எனக்குக் கயாக் விற்ற கடையில் "நாங்களே மாட்டித் தருகிறோம்" என்று ஒரு ஹோல்டரை இப்படித்தான் ஸ்க்ரூ போட்டுத் தந்தார்கள். இரண்டாவது மாதம் கழிமுகத்தில் ஒரு கொடுவா அதை அடித்தட்டோடு பிடுங்கியது. கம்பு, ரீல், ஹோல்டர், நாலு ஸ்க்ரூ எல்லாமே மீனோடு போய்விட்டன.

உள்ளே கை எட்டும் இடம் என்றால் போல்ட்டும் நட்டும்தான். தளத்துக்கு அடியில் ஒரு தட்டு கொடுங்கள், விசை பரவும். தனியாகத் தட்டு வாங்க வேண்டாம், சமையலறையில் ஓரங்கட்டிய காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை அறுத்தால் போதும், நனைந்து ஊறாது. இல்லாவிட்டால் அகலமான வாஷராவது போடுங்கள். நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும், அலையின் அதிர்வில் கழலாது. கடலுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316, ஏரிக்கு 304 போதும். சென்னை பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் இரண்டும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். வெறும் "எஸ்.எஸ்." என்றால் எதையாவது தருவார்கள். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை மெஷின் வைத்து வேகமாக முடுக்கினால் சூட்டில் இரண்டும் ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துளி கிரீஸ் தடவி, கையால் முடுக்குங்கள்.

கை எட்டாத இடத்தில் ட்ரை-ஃபோல்ட் ரிவெட். உள்ளே போனதும் மூன்று காலாக விரிந்து பிடித்துக்கொள்ளும். அலுமினியச் சட்டத்துக்கு அடிக்கும் சாதாரண ரிவெட் இதற்கு உதவாது, மென்மையான பிளாஸ்டிக்கில் உருவிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று வெல் நட்டு. ரப்பர் உருளைக்குள் பித்தளை நட்டு இருக்கும், முடுக்க முடுக்க ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகாது என்பது அதன் நல்ல குணம். ஆனால் வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது பக்கவாட்டில் பலமாக இழுத்தால் நழுவிவிடும். கேமரா, துடுப்புக் கொக்கி மாதிரி லேசான சாமானுக்கு வெல் நட்டு, காத்திருக்கும் கம்புக்கு ரிவெட், ட்ரோலிங் கம்புக்கு போல்ட். நான் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

கை எட்டவில்லை, ஆனால் போல்ட்தான் போட வேண்டும். வழி உண்டா?

உண்டு. தங்கூசி நரம்பு கொஞ்சம் எடுத்து மேலிருந்து ஓட்டை வழியாக உள்ளே விடுங்கள். கயாக்கைச் சாய்த்துக் குலுக்கி, நரம்பின் முனையை மூடி வழியாக வெளியே எடுங்கள். அகல வாஷரைக் கோத்த போல்ட்டின் நுனியில் நரம்பை டேப்பால் சுற்றி இறுக ஒட்டுங்கள். இப்போது மேல்முனையை இழுத்தால் போல்ட் உள்ளேயே பயணம் செய்து ஓட்டை வழியாகத் தலைகாட்டும். தலை உள்ளே, நட்டு வெளியே. நட்டை முடுக்கும்போது போல்ட் சுழலாமல் நுனியை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் நீளமான போல்ட்டாக எடுத்து, வேலை முடிந்ததும் மிச்சத்தை அறுத்துவிடுங்கள். எனக்கு இதைவிட எளிய வழி ஒன்று வாய்த்தது. அக்கா மகனுக்கு எட்டு வயது. அவன் கை தோள்வரை மூடிக்குள் போகும், கூலி ஒரு ஐஸ்கிரீம்.

துளை போடாமல் பசை போட்டு ஒட்டிவிடலாமே?

பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. எண்ணெய் டப்பா, பால் கேன் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்தான். அவற்றில் லேபிள் ஒட்டவே பாடுபட வேண்டும். எபாக்ஸி, இரட்டைப் பக்க டேப் எல்லாம் ஒரு வாரம் பிடித்த மாதிரி நடிக்கும். திருகு போடும் இடத்தில் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவச் சொல்வது ஒட்டுவதற்காக அல்ல, நசுங்கி இடுக்கை அடைப்பதற்காக. பிடிப்பது போல்ட்தான்.

ஓட்டை வேண்டாம் என்றால் கட்டுவதுதான் வழி. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தே கடலில் தள்ளியிருக்கிறார்கள். கயாக்கில் ஏற்கெனவே இருக்கும் வளையங்களிலும் கைப்பிடித் திருகுகளிலும் பட்டை கட்டி ஒரு கூடை தாராளமாக நிற்கும். கைப்பிடித் திருகைக் கழற்றி, அதே துளையில் கொஞ்சம் நீளமான திருகு போட்டு அடித்தட்டையும் சேர்த்துப் பொருத்துவதும் உண்டு, இடம் தோதாக அமைந்தால்.

துளை போடும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

காலை நேரத்தில், நிழலில் செய்யுங்கள். குறிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது, பேனாக் குறியும் தெரியும். உள்ளே டார்ச் அடித்து, நுரைத்தூண், ஒயர், சுக்கான் கயிறு ஏதாவது அந்த வழியாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது முறையும் பாருங்கள். அடித்தட்டை வைத்து ஒரே ஒரு துளையை மட்டும் குறியுங்கள். 3 மில்லிமீட்டர் பிட்டால் முதலில் போட்டு, பிறகு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். அதில் போல்ட்டைச் சொருகித் தட்டை நிறுத்தி, அப்புறம் அடுத்த துளை. நான்கையும் ஒரே மூச்சில் குறித்துப் போட்டால் கடைசி ஓட்டை தள்ளிப்போயிருக்கும்.

மெஷின் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகும், ஓட்டையின் ஓரம் வடை விளிம்பு மாதிரி தடித்துப்போகும். வேகம் சரி என்றால் சீவல் சுருள் சுருளாக வரும். அந்தச் சுருள்களைக் கூட்டித் தள்ளாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், எதற்கு என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். துளை போட்டதும் விளிம்பைக் கத்தியால் லேசாகச் சீவிவிடுங்கள்.

ஃப்ளஷ் மவுண்ட் என்றால், பெரிய வட்ட ஓட்டை அறுக்கும் ஹோல் சா வேண்டும். ஓட்டையின் அளவை ஹோல்டரின் குழாயை அளந்து முடிவு செய்யுங்கள், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அல்ல. அதைவிட முக்கியம், ஆழம். குழாய் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம், அதுவும் சாய்ந்து போகும். கீழே அவ்வளவு இடம் இல்லாவிட்டால் அடிப்பாகத்தில் போய் முட்டும். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு அளந்து பாருங்கள். குழாயின் அடி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய படகுகளுக்குச் செய்த சிலவற்றில் அடி திறந்திருக்கும், மழையும் அலையும் நேராக வயிற்றுக்குள் இறங்கும்.

டிராக் பொருத்துவது நல்லதா?

எங்கே வைப்பது என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நல்லது. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாலிஎத்திலீன் வெயிலில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும். 30 டிகிரி ஏறினால் ஒரு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் வரும். மாசி மாதக் காலையில் பொருத்திய நீள டிராக், சித்திரை மதியத்தில் துளைகளை இழுத்து நீட்டும், இல்லாவிட்டால் தளத்தை நெளிய வைக்கும். ஆகவே ஒரு நீளத் தண்டவாளத்தைவிட 30 அல்லது 40 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டு மேல். அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் வையுங்கள். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து அரிக்கும், அதனால் இரண்டும் தொடும் இடத்தில் கிரீஸ் தடவி வைப்பது நல்லது.

பி.வி.சி. குழாயில் நானே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. குழாயைக் கம்பின் கைப்பிடியோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள், விரல் நுழையும் அளவு இடைவெளி போதும். 30 சென்டிமீட்டர் துண்டாக அறுத்து, ஒரு முனையில் ரீலின் கால் இறங்க ஒரு பிளவு போடுங்கள். அதே முனையை அடுப்பு அனலில் தள்ளிக் காட்டி, இளகியதும் ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தை அழுத்தினால் வாய் விரிந்து புனல் மாதிரி ஆகும், இருட்டிலும் கம்பு தானாக இறங்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், நேராகத் தீயில் காட்டாதீர்கள், கருகினால் புகை நெஞ்சை அடைக்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மூன்று குழாயைக் கூடையின் பின்சுவரில் வைத்து, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினால் முடிந்தது. கூடையைக் கட்டாமல் மட்டும் இறங்காதீர்கள்.

என்னுடையது காற்றடைத்த கயாக். ஃபைபர் என்றால்?

காற்றடைத்ததில் துளை என்ற பேச்சே கிடையாது. பி.வி.சி. துணிக்கு அதற்கான பசை உண்டு, ஒட்டும் தட்டுகளும் வருகின்றன. நன்றாகத் தேய்த்து, துடைத்து, ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஃபைபரில் டேப் ஒட்டி, முதலில் மெஷினைப் பின்சுற்றில் ஓடவிட்டு மேல்பூச்சைக் கடந்த பிறகு முன்சுற்றில் போட்டால் பூச்சு சில்லுச் சில்லாக உதிராது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரோலிங் செய்யும்போது கம்பை எந்தக் கோணத்தில் வைப்பது?

தாழ்வாக, பக்கவாட்டில் நீட்டியபடி. துடுப்பு சுமார் 2.4 மீட்டர் நீளம், அதன் நுனி பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் போய்வரும். கம்பு நுனி அதைத் தாண்டி இருந்தால்தான் நரம்பு துடுப்பில் மாட்டாது. பின்பக்க ஹோல்டரில் வைத்து ட்ரோல் செய்பவர்கள் நிறையப் பேர், எனக்குப் பிடிக்காது. நுனி கண்ணில் படாது. இரையில் ஒரு பாசிக் கொத்து மாட்டி அரை மணி நேரம் அதை உலா அழைத்துப் போனாலும் தெரியாது. முன்னால் இருந்தால் நுனி துடிப்பதைப் பார்த்தே இரை உயிரோடு ஆடுகிறதா என்று சொல்லிவிடலாம்.

டிராக் திருகை ஹோல்டரில் இருக்கும்வரை தளர்த்தியே வையுங்கள். (இது நரம்பு ஓடுவதை அடக்கும் பிரேக் மாதிரியான ரீலின் டிராக், மேலே சொன்ன தண்டவாளம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகிப்போனது நம் தலையெழுத்து.) 9 கிலோ தாங்கும் நரம்பு என்றால் கையில் பிடித்துச் சண்டை போடும்போது 2 முதல் 3 கிலோ சரி. ஹோல்டரில் அதில் பாதிக்குக் குறைவாக. வஞ்சிரம் அடித்ததும் நரம்பு சத்தம் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓடாமல் இறுகி நின்றால் ஹோல்டர் போகும், இல்லை பக்கவாட்டில் இழுபட்டு நீங்கள் போவீர்கள். மீன் அடித்ததும் முதலில் துடுப்பைப் பத்திரமாக வையுங்கள். கம்பை எடுப்பது அதற்கப்புறம்.

அலையைத் தாண்டும்போது கம்புகள் ஹோல்டரிலேயே இருக்கலாமா?

கூடாது. நம் கிழக்குக் கரையில் அலை கரைக்கு மிக அருகில் உடைகிறது. கவிழ்ந்தால் நிற்கும் கம்பு நேராக மணலில் குத்தி முறியும், அல்லது முள்ளோடு உங்கள் மேல் வரும். கம்புகளை உள்ளே வையுங்கள், இடமில்லாவிட்டால் படுக்கவைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். கழற்றும் ஹோல்டர்களையும் கழற்றிவிடுங்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. வரும்போதுதான் சோம்பல் வரும்.

கம்பு தண்ணீரில் விழுந்துவிட்டால்?

பெரும்பாலான கம்புகள் ரீலோடு சேர்ந்தால் மூழ்கும். ரீலின் காலிலிருந்து கயாக்குக்கு ஒரு சுருள் கயிறு கட்டுங்கள். ட்ரோலிங் கம்புக்குக் கட்டாயம், காத்திருக்கும் கம்புக்கு ஹோல்டரில் பூட்டும் வளையம் இருந்தால் போதும். கயிறு அதிக நீளமாக வேண்டாம், கவிழ்ந்தால் காலில் சுற்றும்.

பராமரிப்பு?

வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழற்றும் பாகங்களைக் கழற்றி அலசுங்கள், இடையில் ஒளியும் மணல்தான் ஹோல்டரைப் பூட்டும் பற்களைத் தேய்க்கிறது. மாதம் ஒருமுறை நட்டுகளை விரலால் ஆட்டிப் பாருங்கள்.

தப்பான இடத்தில் ஓட்டை போட்டுவிட்டேன். என்ன செய்வது?

வாருங்கள், உட்காருங்கள். சின்ன ஓட்டை என்றால் ரப்பர் வாஷரோடு ஒரு குட்டை போல்ட்டைப் போட்டு முடுக்கி மறந்துவிடலாம். திரும்ப வேண்டுமென்றால் கழற்றலாம். நிரந்தரமாக மூட வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வெல்டிங். அதற்கு அதே கயாக்கின் பிளாஸ்டிக்தான் சரியாகச் சேரும், டப்பாவில் போட்டு வைக்கச் சொன்ன சீவல் இதற்குத்தான். ஓட்டையின் ஓரத்தை நன்றாகச் சூடாக்கி, இளகியதும் சீவலை வைத்து சால்டரிங் அயர்னின் தட்டை முனையால் குழைத்துச் சேர்க்க வேண்டும். மேலே மட்டும் உருகி அடியில் சேராவிட்டால் பொருக்கு மாதிரி பெயர்ந்து வரும். முதலில் ஹோல் சா வெட்டியெடுத்த வட்டத்தில் பழகிப் பாருங்கள்.

பெரிய ஓட்டைக்கு வெல்டிங் எனக்குச் சரிப்படவில்லை. என் முழங்கால் பக்கத்து ஓட்டைகள் இரண்டின் மேலும் வெட்டுப்பலகைத் துண்டை ரப்பர் ஷீட்டோடு வைத்து, நாலு நாலு போல்ட் போட்டு மூடினேன். இடப்பக்கத் துண்டில் இப்போது செ.மீ. கோடுகளைக் கீறிவைத்து மீனை அளக்கிறேன். வலப்பக்கத் துண்டு சும்மாதான் இருக்கிறது.